டிரைவரைச் சேர்க்காமல்

மூன்றாவது அடி விழுந்தபோது சிவராஜின் வலது கால் தானாகத் துள்ளி, கட்டிலோரம் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாசற்படி வரைக்கும் அனுப்பிவைத்தது. கிண்ணம் சுற்றிச் சுற்றி ஓய்வதற்குள் மாதேஸ்வரி அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையிலும் லேசாகச் சுள்ளென்றது. அவர் கண்ணைத் திறந்து, பின்மண்டையில் தட்டிவிட்டு ஓடியவன் யாரென்று தேடுபவர்போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கழுத ஒதைக்குது," என்றார்.

கழுதை வெளியில் இல்லை. அவருடைய இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக மேடுதட்டிக் கிடந்தது. ஆறு வருடமாக அங்கேதான் குடியிருப்பு. வாடகை கிடையாது.

"நாலாவது வருமாம்மா?" என்றாள் மகள் ஜெயப்ரியா. கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றாள். போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். போனுக்குள் இருந்த நர்ஸ் பார்வதி கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தாள். சூளகிரி தாண்டி ஏதோ லாரி கவிழ்ந்து, பஸ் நின்றுவிட்டதாம்.

"வரும்னுதான் வெச்சிக்கணும்," என்றது பார்வதியின் குரல். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. வீட்ல காந்தம் எதுனா இருக்குதா? நல்லா இழுக்கற காந்தமா?"

மாதேஸ்வரி போனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மூக்கண்டப்பள்ளியிலேயே காந்தம் இல்லாத வீடு ஒன்று உண்டென்றால் அது இந்த வீடுதான். அப்படி ஆக்கியவள் அவளேதான்.

சிவராஜ் மாவு மில்காரர். வீட்டின் முன்பாதி மில், பின்பாதி குடித்தனம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கேழ்வரகு மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. அந்தத் தழும்பைச் சுற்றிக் கரண்டு வழி தவறி ஓடுகிறது என்று பெங்களூர் டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அது வெறிபிடித்துச் சுற்றினால் இதயம் ரத்தத்தைத் தள்ளாது, வெறுமனே நடுங்கும், ஆள் போய்விடுவார் என்றார். சிவராஜ் வட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ரவுண்டானாவுல வெளிய போற வழி தெரியாம சுத்தற லாரி," என்றார். டாக்டருக்கு அந்த விளக்கம் பிடித்துப்போய், மற்ற நோயாளிகளுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தார் என்பது சிவராஜின் வாக்கு. அவர் வாக்கை எப்போதும் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குத்தான் தோளுக்குக் கீழே வைத்த கருவி. துடிப்பு மந்தமானால் தட்டிக்கொடுக்கும். லாரி வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் அதைவிட ஒரு பிடி வேகமாகத் தானும் துடித்து, முந்திப்போய்க் குறுக்கே நின்று லாரியை நிறுத்திவிடும். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அதற்கும் அடங்காவிட்டால்தான் கரண்டு உதை.

உதை அடிக்கடி வந்தபோது தொடை வழியாக இதயம்வரை ஒரு கம்பியை விட்டு, லாரி ஓடுகிற வழியையே சூடுவைத்துத் தீய்த்தார்கள். முதல் தடவை தீய்த்ததில் இரண்டு மாம்பழ சீசன் நிம்மதியாகப் போனது. இரண்டாம் தடவையில் ஒன்று. "உள்ள சுடச்சுட, யார் வூட்ல கறி வறுக்கறாங்கன்னு டாக்டரே கேட்டாரு," என்று சிவராஜ் மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களில் பாதிப்பேர் அன்று கறி எடுக்கவில்லை.

போன மாதம் டாக்டர் வட்டம் எதுவும் போடவில்லை. "இனிமேல் சுடுவதற்கு இடமில்லைம்மா, எல்லாமே தழும்பாகிவிட்டது," என்றார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தட்டிக்கொடுப்பது இருக்கட்டும், உதையை மட்டும் நிறுத்திவிடலாம், கடைசி நேரத்தில் அது வேதனைதான், காப்பாற்றாது என்றார். சிவராஜ் உடனே சரியென்றார். அண்ணன் வெங்கடப்பன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பர்கூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "உள்ளருந்து அடிக்கறது காப்பாத்தத்தான அடிக்குது? அத நிறுத்தறதும் கழுத்த நெரிக்கறதும் ஒண்ணுதான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதனால் நாள் தள்ளிப்போனது. பிறகு சிவராஜ் கட்டிலைவிட்டு எழ முடியாமல் போனார். கம்ப்யூட்டரோடு வீட்டுக்கே வந்து உதையை நிறுத்தித் தருவதாகச் சொன்ன ஆள் நாளைக்கு வருவதாக இருந்தது. நாளை வரைக்கும் காத்திருக்கச் சொல்லி யாரும் கழுதையிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அத்திப்பள்ளி செக்போஸ்ட் நெரிசலில் கார் நின்றிருந்த இடத்தில், அவர் மாதேஸ்வரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணன் ஆயிரம் சொல்லும். நீ மட்டும் என்ன ஒதபட வுட்றாத," என்றார். அந்த மனிதர் கதை கலக்காமல் பேசியது அவளுக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அவள் சரியென்றாள்.

இப்போது வேண்டியது ஒரு காந்தம்.

"நெஞ்சு மேல, அந்த மேட்டு மேல வெச்சா ஒத நின்னுரும்," என்றாள் பார்வதி. "வெச்சிருக்கற வரைக்கும் ஒதைக்காது. தட்டிக்குடுக்கறது அது பாட்டுக்கு ஓடும், அத காந்தம் ஒண்ணும் பண்ணாது. எங்கிட்ட வளையக் காந்தம் பைல இருக்குது. ஆனா நான் வர்றதுக்குள்ள…" பஸ் ஹாரன் ஒன்று அந்த வாக்கியத்தை முடித்துவைத்தது.

கருவி வைத்த புதிதில் டாக்டர் சொன்னது, காந்தத்தை ஒரு முழம் தள்ளி வையுங்கள் என்று. மாதேஸ்வரி அதை ஒரு தெரு தள்ளி என்று எடுத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த வாழைப்பழமும் தக்காளியும் அன்றே குப்பைக்குப் போயின. பழைய ரேடியோ போனது. அவள் கைப்பையின் மூடி போனது. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரிலேயே காந்தம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஃப்ரிட்ஜைத் திறக்கும் உரிமை சிவராஜிடமிருந்து பறிக்கப்பட்டது. அவருக்குச் சர்க்கரையும் குறைந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளின் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த முருகனைக்கூட, சிவராஜ் அங்கே காபி குடிக்கப் போவார் என்பதால், சாமி மாடத்துக்கு மாற்றச் சொன்னாள். லட்சுமியம்மாளும் மாற்றினாள்.

எல்லாவற்றுக்கும் முதலில் போனது மில் தொட்டியின் காந்தம். தானியத்தோடு வரும் ஆணி, கம்பி, நட்டு எல்லாம் கல்லுக்குப் போகாமல் பிடித்துக்கொள்வதற்காக, தொட்டி வாயில் வைக்கிற செங்கல் கனத்துக் காந்தம். சிவராஜ் அதைச் சாக்கில் சுற்றிப் பழைய இரும்புக்காரனிடம் எடுத்துப்போனார். தராசில் வைத்ததும் தராசு ஒட்டிக்கொண்டதால் எடை பார்க்க வழியில்லாமல் சும்மா கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு வேப்பம் பலகையை அடித்தார். "வேம்போட கசப்புக்கு ஆணி கிட்ட வராது," என்றார். அதன்பிறகு தொட்டிப் பக்கம் ஏணியில் ஏற அவளை விட்டதில்லை. கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று அக்கறையாகச் சொன்னார். அவள் எடை போடுவதும் மாவு கட்டுவதுமாகக் கீழேயே இருந்துவிட்டாள்.

அந்தக் காந்தத்துக்கு ஒரு புகழ் இருந்தது. பல வருடத்துக்கு முன்னால், மில்லைத் தாண்டிப் போன ஒரு பெங்களூர் பஸ்ஸில், கண்டக்டர் வாயிலிருந்த விசிலை அது இழுத்துக்கொண்டதாம். விசில் இல்லாமல் பஸ்ஸை எடுக்க முடியாதல்லவா, பஸ் மில் வாசலிலேயே நின்றுவிட்டது. இறங்கிய பயணிகள் சும்மா நிற்பானேன் என்று ஆளுக்கொரு படி கேழ்வரகு வாங்கி அரைத்துக்கொண்டு போனார்களாம். "முப்பது பேரு," என்று மாதேஸ்வரி எடுத்துக்கொடுப்பாள். எத்தனை தடவை சொன்னாலும், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாலும், சிவராஜ் நின்று திருத்துவார்.

"நாப்பத்தி ரெண்டு. டிரைவரச் சேக்காம."

ஜெயப்ரியா தன் போனுக்குள் இருக்கிற காந்தத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்றாள். பார்வதி, அது பத்தாது என்றாள். மாதேஸ்வரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். லட்சுமியம்மாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏமாயிந்தக்கா?" என்று தெலுங்கில் எழுந்தவள், கேட்டதும் தமிழுக்கு வந்தாள். "காந்தமா? முருகன் இருக்காரு. சுண்டுவெரல் அத்தனதான் இருப்பாரு. மில்லு வெச்சிக்கினு எங்கிட்ட காந்தம் கேக்கறியே."

"மில்லுல ஏது? அதான் ஆறு வருசமா இல்லியே. வேப்பம் பலகதான்."

லட்சுமியம்மாள் கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் உங்கூட்டு மாவுலதான் களி கிண்டறன். இந்த ஆறு வருசத்துல எம் பல்லுல ஒரு ஆணி கடிச்சதில்ல. வேப்பம் பலகையாம், வேப்பம் பலக."

மாதேஸ்வரி அங்கே மேற்கொண்டு நிற்கவில்லை.

மில் இரண்டு மாதமாகப் பூட்டிக்கிடந்தது. ஏணியில் ஏறுவது இந்த வயதில் அவளுக்கு நடக்கிற காரியமில்லை, ஏறிவிட்டாள். தொட்டிக்குள் கையை விட்டாள். வேப்பம் பலகை இருந்தது. பலகைக்கு அடியில் விரலை நுழைத்தபோது குளிர்ந்த கனம் ஒன்று, மேலெல்லாம் முள்ளாக, கையில் தட்டியது. ஆணி, நட்டு, சேஃப்டி பின், உடைந்த ஹேர்பின், ஒரு சைக்கிள் சங்கிலித் துண்டு. ஆறு வருட ஊர்ச் சோற்றில் போகாமல் அது தடுத்தவையெல்லாம் முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"அட பாவி மனுசா," என்றாள் தொட்டியைப் பார்த்து. எதிரொலித்தது.

அவள் காந்தத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது வெங்கடப்பன் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் மாத்திரை வாங்கப் போனவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். நான்காவது அடியை அவர் நேராகப் பார்த்துவிட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசியபோது அதை அவர் பார்த்ததில்லை.

சிவராஜ் காந்தத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை உத்தரத்துக்குத் திருப்பி, அங்கே ஏதோ முக்கியமான பல்லி இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானா வேப்பம் பலக?" என்றாள்.

"மேல வேம்பு," என்றார் மூச்சு வாங்கி. "உள்ளதான்… இரும்பு."

"ஆறு வருசமா இது பக்கத்துல நின்னுக்கினு…"

"ஒரு மொழம் தள்ளித்தான் நின்னன். டாக்டரு சொன்ன மொழம்." கொஞ்சம் ஓய்ந்தார். "அடுத்தவன் சோத்துல ஆணி போவலாமா?"

அவள் தரையில் உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். பிடுங்கியது மறுபடி ஒட்டிக்கொண்டது. ஜெயப்ரியாவும் வந்து உட்கார்ந்து பிடுங்கினாள். வெங்கடப்பன் எழுந்தார்.

"எதுக்கும்மா அது?"

"ஒதைய நிறுத்தறதுக்கு, மாமா. பார்வதி சொல்லுச்சு."

"நாளைக்கு ஆளு வந்து முறையா பண்ணட்டும். நீ பாட்டுக்கு ஆட்டுக்கல்லு மாதிரி ஒண்ணத் தூக்கி நெஞ்சுல வெச்சி, அதுல அவன் போய்ட்டான்னா? நாளைக்கு ஊருல என்னா சொல்லுவாங்க? புருசன் நெஞ்சுல கல்ல வெச்சான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"நான் சொல்லுவன்."

மாதேஸ்வரி கடைசி ஹேர்பின்னைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். புருஷனின் அண்ணன் முன்னால் அவள் உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. இப்போது எழுந்து நின்று, அவரைப் பார்க்காமல், அவர் வேட்டிக்கரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சொல்லுங்க மாமா. ஆனா கொஞ்சம் ஓரமா நின்னு சொல்லுங்க. கட்டிலு கிட்ட போகணும்."

வெங்கடப்பன் வாயைத் திறந்தார். அந்நேரம் ஐந்தாவது விழுந்தது. சிவராஜின் முதுகு கட்டிலைவிட்டு எழும்பி இறங்கியது. பல் கடிபட்டு உதட்டோரம் ரத்தம் கசிந்தது. அவர் கழுதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதுதான் வெங்கடப்பனை ஓரமாக நகரவைத்தது.

அவள் துண்டை மடித்துப் போட்டு, அந்த மேட்டின்மேல் காந்தத்தை வைத்தாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பீப்." பிறகு இன்னொன்று. சின்னச் சத்தம், கோழிக்குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று.

"கேக்குதுங்க," என்றாள் ஜெயப்ரியா போனில்.

"அப்ப சரிதான்," என்றாள் பார்வதி. "அது கேக்கற வரைக்கும் ஒத இல்ல. காந்தம் நகராமப் பாத்துக்கங்க. பஸ்ஸு கெளம்பிருச்சு."

பிற்பகல் அப்படியே போயிற்று. மாதேஸ்வரி காந்தத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை சத்தம் தடதடவென்று ஓடியது. லாரி ரவுண்டானாவில் ஏறிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. வெங்கடப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். காந்தம் இருந்ததால் முந்திப்போய் மறிக்கவும் ஆளில்லை, உதைக்கவும் ஆளில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, யாரும் துரத்தாததாலோ என்னவோ, அது தானாக இறங்கி வந்தது. மறுபடியும் ஒன்று, ஒன்று என்று நிதானமாகக் கேட்டது.

"கனமா இருக்குதா?" என்று கேட்டாள்.

"உன்னவிட… கம்மிதான்," என்றார்.

அதன்பிறகு அவர் பேசவில்லை. ஒருமுறை தண்ணீர் என்று உதடு அசைத்தார். துணியில் நனைத்து வைத்தாள். சப்பினார். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்த ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் வாசலில் கேட்டது. யாரோ ஒருவன் மில் கதவைத் தட்டி, அரைப்பீங்களா என்று கன்னடத்தில் கேட்டான். லட்சுமியம்மாள் வெளியே போய் எதையோ சொல்லி அவனை அனுப்பினாள்.

வெங்கடப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு, காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். போகப்போக அவருக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. "ஓடுது," என்றார் ஒருதரம். "நல்லாத்தான் ஓடுது," என்றார் இன்னொருதரம். போனில் கூப்பிட்ட உறவுக்காரர்களுக்கெல்லாம், "நானே காதால கேட்டுக்கினு இருக்கறன், கடியாரம் மாதிரி ஓடுது," என்று சொன்னார். போன மாதம் கழுத்தை நெரிப்பது பற்றிப் பேசியவர் அவர்தான் என்பதை மறந்தேபோனார். யாரும் நினைவுபடுத்தவில்லை.

வெயில் ஜன்னல் கட்டையிலிருந்த ஆணிகள்மேல் வந்து விழுந்தபோது மாதேஸ்வரி தன் இன்னொரு கையை அவர் பாதத்தில் வைத்தாள். பிறகு முழங்காலில். பிறகு மூக்கருகில் புறங்கையை நீட்டி, நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பீப், என்றது நெஞ்சு.

"மாமா," என்றாள்.

"என்னாம்மா?"

"மூச்சு இல்லிங்க மாமா."

வெங்கடப்பன் எழுந்து வந்தார். ஜெயப்ரியா அழ ஆரம்பித்தாள். "வாய மூடு," என்று அவளை அதட்டினார் பெரியவர். "ஓடுது, காதுல வுழல? கையும் காலும் சில்லுனு ஆனா போய்ட்டான்னு அர்த்தமா? மார்கழில எல்லாருக்குந்தான் சில்லுனு இருக்குது." அது மார்கழி இல்லை. "நீ அந்தக் காந்தத்துல இருந்து கைய எடுக்காத. கைய எடுத்தா நின்னுரும்."

"நிக்காது மாமா. சத்தந்தான் நிக்கும்."

"உனுக்கு எப்பிடித் தெரியும்? நீ டாக்டரா?"

பீப். பீப். அவர் சொல்வதை ஆமோதிப்பதுபோல் கருவி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டிக்கொடுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள், தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

மாதேஸ்வரி குனிந்து, கணவரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். மில்லுக்கு வந்தவர்களுக்குச் சொல்கிற குரலில், சத்தமாகவே சொன்னாள்.

"அந்த பெங்களூர் பஸ்ஸு மில்லு வாசல்ல நின்னுச்சே. கண்டக்டரு விசிலு காந்தத்துல வந்து ஒட்டிக்கிச்சே. அன்னிக்கு எறங்கி மாவு அரைச்சிக்கினு போனது முப்பது பேரு."

எல்லோரும் காத்திருந்தார்கள். வெங்கடப்பனும் குனிந்து, தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கதையைச் சொன்னதற்காக இந்தத் தம்பியை ஊர்க் கூட்டத்தில் பொய்யன் என்று திட்டியவர் அவர். நாலு பேர் நடுவில் கதை திருத்தப்படாமல் போனதை அவர் இதுவரை கண்டதில்லை.

பீப்.

"முப்பது பேருங்க," என்றாள் மறுபடி.

பீப்.

வெங்கடப்பன் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாதேஸ்வரியின் கையை விரல் விரலாக விலக்கினார். இரண்டு கையாலும் காந்தத்தைத் தூக்கினார்.

சத்தம் நின்றது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"கனமாத்தான் இருக்குது," என்றார் காந்தத்தைப் பிடித்தபடி. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

பார்வதி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது ஜெயப்ரியா அப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பார்வதி காதுக்குழாயை வைத்துப் பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், தலையசைத்தாள். பைக்குள் கையை விட்டு வளையக் காந்தத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுக்காமல் விட்டாள்.

"எரிக்கறதா பொதைக்கறதா?" என்று கேட்டாள். "எரிக்கறதுன்னா மெஷின எடுக்கணும், வெடிக்கும். பொதைக்கறதுன்னா இருக்கலாம்."

"எங்கள்ல பொதைக்கறதுதான்," என்றார் வெங்கடப்பன். பிறகு ரகசியம்போலக் கேட்டார். "இன்னும் ஓடுதாம்மா உள்ள?"

"ஓடும் பெரியவரே. பேட்டரி தீர்ற வரைக்கும் ஓடும்."

"மண்ணுக்குள்ளயுமா?"

"மண்ணுக்குள்ளயும்."

அவர் யோசித்தார். "அவன் வாய் மாதிரியே," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழி வெட்டச் சொல்வதற்காக வெளியே போனார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து, உறவுக்காரர்கள் பஸ் நேரம் பார்த்துக் கலைந்தார்கள். வெங்கடப்பன் கடைசியாகக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே லட்சுமியம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மாதேஸ்வரிக்கு நடுவில் ஒரு துண்டுதான் காதில் விழுந்தது. "…இல்லம்மா, தப்பா சொல்ற. நாப்பத்தி ரெண்டு. டிரைவரச் சேக்காம."

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து காந்தத்தை எடுத்தாள். பிடுங்கி வைத்த ஆணிகள் எல்லாம் மறுபடி அதில் ஏறிக்கொண்டிருந்தன. முன்வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகரடப்பாவில் போட்டாள். மில்லைத் திறந்து, ஏணியில் ஏறி, வேப்பம் பலகைக்கு அடியில் பழைய இடத்திலேயே அதை வைத்தாள். இரும்பு இரும்போடு ஒட்டுகிற சத்தம் கேட்டது.

இரண்டு மாதமாக வரிசையில் காத்திருந்த டப்பாக்களில் முதல் டப்பா லட்சுமியம்மாளுடையது. ஜெயப்ரியா கீழேயிருந்து எடுத்துக்கொடுக்க, மாதேஸ்வரி தொட்டி விளிம்பில் அதைச் சாய்த்தாள். கேழ்வரகு சலசலத்து இறங்கியது. எங்கோ நடுவில் 'டக்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டது.

அந்நேரம் ரோட்டில் ஒரு பெங்களூர் பஸ் வந்தது. மில்லை நெருங்கும்போது கண்டக்டர் விசிலை நீளமாக ஊதினான். மாதேஸ்வரி டப்பாவைச் சாய்த்தபடியே நிறுத்தி, ஏணிமேல் இருந்து வாசலைப் பார்த்தாள்.

பஸ் நிற்காமல் போயிற்று. விசில் சத்தம் சிப்காட் பக்கம் தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டிருந்துவிட்டு, அவள் மிச்சத்தைக் கொட்டினாள்.